விருதுநகர் மாவட்டத்தில் சாதிப் பிரிவினை: ஊர், ஆடுகளம், ஊடகம்

பிறப்பைக் காரணமாக வைத்து மனிதரைத் தனித்த தெரு, தனித்த குவளை, தனித்த சுடுகாடு, தனித்த அணி என்று பிரித்து வைக்கும் வழக்கமே சாதிப் பிரிவினை. இது இந்தியச் சமூகத்தில் இனவெறிக்கு மிக நெருங்கிய வடிவம். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இது கோயில், பேருந்து, பள்ளி, விளையாட்டு, செய்தித்தாள், திரைப்படம் எனப் பொதுவாழ்வின் எல்லாத் துறைகளிலும் வெளிப்பட்டுள்ளது. இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரத்தை மையமாகக் கொண்டு அதன் வரலாற்றையும் எதிர்ப்பையும் தொகுத்துரைக்கிறது.

இனவெறியும் சாதியும்

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகள் அவை நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதியையும் விவாதத்தில் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி இனம் அல்ல என்று கூறி இந்திய அரசு அதை எதிர்த்தது. மறு ஆண்டே, இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, சர்வதேச உடன்படிக்கையில் உள்ள ‘வம்சாவளி’ என்ற அடிப்படை சாதியையும் உள்ளடக்கும் எனப் பரிந்துரை வெளியிட்டது. தோல் நிறத்தைக் கொண்டு அடையாளம் காண முடியாத இடத்தில் தெருவின் பெயரும் அப்பா பெயரும் அந்த வேலையைச் செய்கின்றன. ஒதுக்கப்பட்டவர் படும் அவமானத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பகுதி இது. ஆண்டாள் கோயில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரும், நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ராஜபாளையமும் இதன் முக்கிய நகரங்கள். வத்திராயிருப்பை அடுத்து, பிளவக்கல் அணைக்கு அருகே உள்ள கூமாப்பட்டி, 2025இல் சமூக ஊடகக் காணொளிகள் மூலம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. நெல்லும் தென்னையும் விளையும் இந்த ஊர்களில் நிலவுடைமையும் குடியிருப்பும் நெடுங்காலமாகச் சாதிவாரியாகவே அமைந்துவந்தன. முக்குலத்தோர், நாடார், நாயக்கர், ராஜுக்கள் முதலான சமூகத்தாருடன் பட்டியல் சாதியினரான தேவேந்திரகுல வேளாளர், பறையர், அருந்ததியர் இங்கு வாழ்கின்றனர். தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு.

கோயில் நுழைவுப் போராட்டங்கள்

இம்மாவட்டத்தின் நவீன வரலாறே ஒதுக்கலை எதிர்த்த போராட்டத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் நாடார்கள் பல கோயில்களுக்குள் அனுமதிக்கப்படவில்லை. சிவகாசி விஸ்வநாதசாமி கோயிலில் நுழையும் உரிமையை அவர்கள் கோரியதைத் தொடர்ந்து 1899 ஜூன் 6 அன்று அந்நகரம் தாக்கப்பட்டது. உயிர்கள் பலியாயின, நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. கமுதி கோயிலில் நுழையும் உரிமை குறித்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது.

நீதிமன்றம் கைவிட்டபோதும் அச்சமூகம் கல்வியையும் வணிகத்தையும் பற்றிநின்றது. தங்களுக்குள் மகமை எனும் பொதுநிதி வசூலித்துப் பள்ளிகள் நிறுவினர். விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அவற்றுள் ஒன்று. காமராசர் அங்கே படித்தார். 1954இல் முதலமைச்சரானபோது அவர், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் கோயில்களைக் கவனிக்கும் அறநிலையத் துறைப் பொறுப்பை ஒப்படைத்தார். அதற்கு முன்பே, 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரான கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைந்திருந்தனர்.

பேருந்தின் பெயரும் 1997 மோதல்களும்

1957இல் பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், அதையடுத்த முதுகுளத்தூர் கலவரமும் தென் மாவட்ட அரசியலில் ஆழ்ந்த தழும்பை விட்டுச்சென்றன. 1990களில் கல்வியும் வெளியூர் வருமானமும் பெற்ற தலித் இளைஞர்கள் பழைய கட்டுப்பாடுகளை ஏற்க மறுத்தபோது மோதல்கள் மீண்டும் பெருகின. 1995 ஆகஸ்ட் 31 அன்று தலித் கிராமமான கொடியன்குளத்தில் காவல்துறையினரே ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியதாகக் கடும் குற்றச்சாட்டு எழுந்தது.

1997இல் அன்றைய தி.மு.க. அரசு, விருதுநகர் மாவட்டத்துக்கெனப் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றை உருவாக்கி, கட்டபொம்மனின் படைத்தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குச் சூட்டியது. சுந்தரலிங்கம் தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினரிடையே எதிர்ப்புக் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்கள் உட்படப் பல ஊர்களில் மோதல் வெடித்தது. பேருந்துகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, இருதரப்பிலும் உயிர்கள் போயின. 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கை இந்த நிகழ்வுகளை விரிவாகப் பதிவுசெய்தது.

1997 ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது இப்படித்தான். அமைதி திரும்ப அது உதவியிருக்கலாம். ஆனால் ஒரு தலித் வீரரின் பெயரைப் பொதுப்பெயராக ஏற்க முடியாமல், எல்லாப் பெயர்களையும் இழக்கச் சமூகம் உடன்பட்டது என்பதே அதன் பொருள்.

அன்றாட வாழ்வு

தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை, முடிதிருத்த மறுப்பு, ஊர்த் தெருவில் செருப்பணியவும் சைக்கிள் ஓட்டவும் தடை, பிணம் கொண்டுசெல்லப் பாதை மறுப்பு ஆகியவை தென் மாவட்டங்களில் பதிவான தீண்டாமை வடிவங்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் குடியிருப்புகளைப் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவரின் ஒரு பகுதி, தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் போராட்டத்தையடுத்து 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. இரட்டைக் குவளையின் இடத்தை இன்று பல கடைகளில் காகிதக் குவளை பிடித்துக்கொண்டதால், பாகுபாடு கண்ணில் படுவது குறைந்துள்ளது.

ஊராட்சித் தலைமை மற்றொரு களம். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. மேலூர் அருகே மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் உட்பட ஏழு பேர் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். 2006இல் அரசு உறுதியாக நின்றபோது அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது.

ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் படிநிலை உண்டு. துப்புரவுப் பணியோடு பிணைக்கப்பட்ட அருந்ததியர் பிற பட்டியல் சாதியினராலும் ஒதுக்கப்படுகின்றனர். 2009இல் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

விளையாட்டு

இந்தியக் கிரிக்கெட் நிறப்பிரிவினையோடே வளர்ந்தது. சென்னையில் வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், எம். புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்தியருக்குள்ளேயே இருந்த பிரிவினைக்குச் சாட்சி பல்வங்கர் பாலூ. தலித் சமூகத்தில் பிறந்த அந்தப் பந்துவீச்சாளர் பூனாவில் சக ஆட்டக்காரர்களோடு மைதானத்தில் ஆடலாம். தேநீர் மட்டும் வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் மதவாரியாக நடந்த பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர் அவர் தம்பி விட்டல் அந்தப் பொறுப்பை அடைந்தார்.

நிறப் பாகுபாடு இன்றும் ஓயவில்லை. தோல் நிறத்துக்காகத் தாம் இகழப்பட்டதைத் தமிழக வீரர்களான அபினவ் முகுந்த் 2017இலும் எல். சிவராமகிருஷ்ணன் 2021இலும் வெளிப்படையாக எழுதினர். 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், அணி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் அவர் குடும்பத்தைச் சாதி சொல்லி ஏசினர்.

தென் மாவட்டக் கிராமங்களின் ஆட்டம் கபடி. அணிகள் பெரும்பாலும் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாக அமைவதால், புள்ளிக் கணக்கு ஊர்ப் பகையாக மாறும் ஆபத்து எப்போதும் உண்டு. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் மாணவர் ஒருவர் தேர்வெழுதச் செல்லும் வழியில் வெட்டப்பட்டார். கபடியில் வென்றதே காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். அதே மாவட்டத்தின் மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்ட கணேசன் இந்திய அணிக்கு ஆடி அர்ஜுனா விருது பெற்றவர். திறமைக்கு வழி கிடைத்தால் நாடே பயனடையும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

ஊடகமும் திரைப்படமும்

ஒடுக்கப்பட்டோர் தங்கள் குரலுக்குத் தாங்களே இதழ் தொடங்க வேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். நூறாண்டுக்குப் பின்னும் செய்தி அறைகள் பெரிதாக மாறவில்லை. ஆக்ஸ்பாம் இந்தியா, நியூஸ்லாண்ட்ரி நிறுவனங்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கெடுத்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. எது செய்தி, எது வெறும் ‘இருதரப்பு மோதல்’ என்று தீர்மானிக்கும் மேசையில் பாதிக்கப்பட்டோர் இல்லாததன் விளைவு செய்தியின் சொற்களிலேயே தெரியும்.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபத்திலிருந்து, தலித் குடும்பத்தில் பிறந்த இசையமைப்பாளர் இளையராஜா வெளியேறும்படி கேட்கப்பட்டதாகச் செய்தி பரவியது. அங்கு அர்ச்சகர் உள்ளிட்ட சிலர் தவிர வேறு எவருக்கும் அனுமதியில்லை என்று கோயில் தரப்பு விளக்கியது. அது வதந்தி என்று இளையராஜாவே மறுத்தார். செய்தி அத்தனை வேகமாக நம்பப்பட்டதற்கு இந்நாட்டுக் கோயில் வாசல்களின் கடந்தகாலமே காரணம்.

திரைப்படத்தில் மாற்றம் தெளிவாக உள்ளது. இயக்குநர் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) கல்லூரிக்குள் நிலவும் சாதியையும், ‘கர்ணன்’ (2021) பேருந்து நிற்காத ஊரையும் பேசின. ‘புளூ ஸ்டார்’ (2024), ‘லப்பர் பந்து’ (2024) ஆகியவை ஊர்க் கிரிக்கெட்டிலும், கணேசனின் வாழ்வைத் தழுவிய ‘பைசன்’ (2025) கபடியிலும் சாதி செயல்படும் விதத்தைக் காட்டின.

சட்டமும் அரசு நடவடிக்கையும்

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தண்டனைகளை வகுத்தன. 1997 மோதல்களையடுத்து அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களைத் தொடங்கியது. முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் அமைந்தது. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். அவற்றுள் 40 தலித்துகளுக்கு. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுத்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் முதலியவை அதன் பரிந்துரைகள். 2025 ஏப்ரலில், தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

மதிப்பீடு

கோயில், பேருந்து, ஊராட்சி நாற்காலி, கபடிக் களம் என மோதல் எழுந்த இடங்கள் யாவும் பொதுச்சொத்து. பொதுவானதைச் சமமாகப் பகிர மறுப்பதே சாதிப் பிரிவினையின் சாரம். அது தளர்ந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆற்றல்கள் சேர்ந்து இயங்கியுள்ளன: ஒதுக்கப்பட்டோரின் அஞ்சாத கோரிக்கை, அதற்குத் துணைநின்ற அரசின் உறுதி. 1997இல் அரசு பெயர்களைக் கைவிட்டுப் பின்வாங்கியது; 2006இல் பின்வாங்காமல் நின்று நான்கு ஊராட்சிகளில் தேர்தலை நடத்திக் காட்டியது. தென் மாவட்டங்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இரண்டாவதுதான்.