நீல மாத்திரையும் 14.25 என்ற கோப்பும்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நாடியா கொமனேச்சிதான் நினைவுக்கு வருவார். அதே போட்டியில் இன்னொரு அதிசயமும் நடந்தது. பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கத்தில் 11-ஐக் கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் வாரிக்கொண்டு போனார்கள். இரண்டு கோடி மக்கள்கூட இல்லாத அந்த நாடு 40 தங்கத்துடன் அமெரிக்காவையே முந்தியது.

அந்தப் பெண்களின் அகன்ற தோளையும் கனத்த குரலையும் கண்டு சந்தேகம் கிளப்பினார் அமெரிக்க வீராங்கனை ஷெர்லி பாபாஷாஃப். தோற்றவளின் வயிற்றெரிச்சல் என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளே கேலி செய்தன. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் பழைய பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பேன். அவற்றில் அந்தப் பெண்களின் படங்களைப் பார்த்து நாங்களும் வாயைப் பிளந்தோம்.

1989-இல் பெர்லின் சுவர் விழுந்தபின் உண்மை வெளிவந்தது. முன்னாள் வட்டெறி வீராங்கனை பிரிகிட்டே பெரெண்டோங்க்கும் அவர் கணவர், விஞ்ஞானி வெர்னர் ஃப்ராங்கேயும் பாட் சாரோ ராணுவ மருத்துவக் கழகத்தில் இருந்த ரகசிய ஆவணங்களைக் கைப்பற்றினார்கள். 1991-இல் அது புத்தகமாக வந்தது. 1974-இலிருந்து 'அரசுத் திட்டம் 14.25' என்ற பெயரில் எல்லாம் நடந்திருக்கிறது. யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுவரை பதிவு.

குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு இதில் அதிசயம் இல்லை. ஒரு கோப்பு பத்து மேசை தாண்டும். ஒவ்வொருவரும் ஒரு சுருக்கொப்பம் போடுவார்கள். கடைசியில் பொறுப்பு யாருக்கும் இருக்காது.

அங்கேயும் அப்படித்தான். திறமையான சிறுமிகளைப் பொறுக்கி விளையாட்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பார்கள். பெற்றோருக்குப் பெருமை. சாதாரண மக்கள் நினைத்தே பார்க்க முடியாத வெளிநாட்டுப் பயணம் மகளுக்குக் கிடைக்கும். பயிற்சியாளரின் பதவியும் ஊக்கத்தொகையும் பதக்கத்தை நம்பி இருந்தன. மருத்துவர் மேலிடத்து உத்தரவை நிறைவேற்றினார். ஜெனாஃபார்ம் நிறுவனம் 'ஓரல் டூரினபோல்' என்ற நீல மாத்திரையைத் தயாரித்தது. வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது. வெளிநாடு போகுமுன் கிரைஷா ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். மருந்து தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று 'உடம்பு சரியில்லை'.

ஏன் குறிப்பாகப் பெண்கள்? ஆண் ஹார்மோனைப் போன்ற அந்த மருந்து, இயல்பில் அது குறைவாகச் சுரக்கும் பெண் உடம்பில்தான் அதிகம் வேலை செய்யும். பதக்கமும் சீக்கிரம், கேடும் சீக்கிரம். குரல் உடையும், உடம்பெல்லாம் முடி வளரும், மாதவிலக்கு தடுமாறும். ஈரலும் கெடும்.

ஹைடி கிரீகர் என்ற குண்டெறி வீராங்கனைக்கு 16 வயதில் மாத்திரை தொடங்கியது. 1986-இல் ஸ்டுட்கார்ட்டில் ஐரோப்பிய சாம்பியன். பிற்பாடு 1997-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் ஆனார். சிறு வயதிலிருந்தே தான் பெண்தானா என்ற குழப்பம் அவருக்கு இருந்தது. ஆனால் அதைத் தானாக யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பை மருந்து பறித்துவிட்டது என்பதே அவருடைய ஆதங்கம்.

2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் அவரும் சாட்சி சொன்னார். விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதம், மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னருக்கு 18 மாதம் தண்டனை. இரண்டுமே நிறுத்திவைக்கப்பட்டன, இருவரும் சிறைக்குப் போகவில்லை. சுமார் 10,000 பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

ஊக்கமருந்து என்றதும் நாம் விளையாட்டு வீரரைத்தான் திட்டுகிறோம். அந்தச் சிறுமிகள் ஏமாற்றவில்லை. பெரியவர்கள் கையில் வைத்ததை நம்பி விழுங்கினார்கள். அந்தக் கோப்பில் எல்லார் ஒப்பமும் இருந்தது, விழுங்கியவளின் சம்மதம் மட்டும் இல்லை. கிரீகர் தன் தங்கப் பதக்கத்தை வீட்டில் மாட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஊக்கமருந்தை எதிர்த்துப் போராடுகிறவர்களுக்கு ஜெர்மனியில் தரப்படும் விருதாக அதை மாற்றிவிட்டார்கள். அதன் பெயர் 'ஹைடி கிரீகர் பதக்கம்'.