மூன்று நிமிடச் சண்டை, மூன்று மணி நேரப் பெட்டி

கிளாஷ் ரோயல் உலகம் முழுக்க வெளியானது 2016 மார்ச் 2-ஆம் தேதி. அக்காவின் கல்யாணத் தேதியைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். இதற்கு யோசிக்க வேண்டியதில்லை. அப்போது நான் மெட்ரிகுலேஷனில் இருந்தேன். ஹாஸ்டலில் ஒருவன் பதிவிறக்கம் செய்தான், இரண்டு நாளில் அந்த மாடியில் எல்லார் கையிலும் அது இருந்தது.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் இரண்டு பாலம். உங்கள் பக்கம் மூன்று கோபுரம், எதிராளி பக்கம் மூன்று. கையில் எட்டு அட்டை கொண்ட கட்டு. எலிக்சிர் என்கிற ஊதா நிறத் திரவம் ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒன்று என்று ஊறிக்கொண்டே இருக்கும், பத்துக்கு மேல் நிற்காது. அதைச் செலவழித்து ஆட்களை இறக்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம். கடைசி நிமிடத்தில் எலிக்சிர் இரண்டு மடங்கு வேகத்தில் ஊறும். சமநிலை என்றால் அந்தக் காலத்தில் இன்னும் ஒரு நிமிடம். அவ்வளவுதான் விளையாட்டு. பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் இரண்டு ஆட்டம் முடிக்கலாம்.

ஆனால் இந்த மூன்று நிமிடம் என்னைப் பிடிக்கவில்லை. ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. என்னைப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற மூன்று மணி நேரம்.

அந்த நாட்களில் ஜெயித்தால் ஒரு பெட்டி கிடைக்கும். வெள்ளிப் பெட்டி திறக்க 3 மணி நேரம், தங்கப் பெட்டிக்கு 8, மந்திரப் பெட்டிக்கு 12. வைக்க நான்கே இடம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறக்கும். நான்கும் நிரம்பிவிட்டால் ஜெயித்தாலும் பெட்டி இல்லை. ஆக, எந்தப் பெட்டியை எப்போது திறக்க வைப்பது என்பது இன்னொரு விளையாட்டு. இரவு பன்னிரண்டுக்கு 8 மணி நேரப் பெட்டியை வைத்துவிட்டுத் தூங்குவதுதான் புத்திசாலித்தனம். நானோ ஒன்றுக்கு வெள்ளிப் பெட்டியை வைத்து, நான்கு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து, அதைத் திறந்து, தங்கப் பெட்டியை வைத்துவிட்டு மறுபடியும் தூங்குவேன். பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன், கிளந்தான் பையன், நான் விடியற்காலையில் எழுந்து சாமி கும்பிடுகிறேன் என்று ஒரு முழு செமஸ்டர் நம்பினான். மரியாதையாக விளக்கைக்கூடப் போடாமல் நடப்பான்.

எங்கள் வீடு ஜொகூர் பாருவில். அப்பா தினமும் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். நான்கு மணிக்கு எழுந்தால்தான் குடிநுழைவு வரிசையில் மாட்டாமல் போக முடியும். செமஸ்டர் விடுமுறையில் என் அலாரமும் அவர் அலாரமும் ஒரே நேரத்தில் அடிக்கும். முதல் தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "படிக்கிறியாய்யா?" என்றார். நான் ம் என்றேன். போகும்முன் மேசையில் ஒரு கப் மைலோ வைத்துவிட்டுப் போனார். அந்த விடுமுறை முழுக்க வைத்தார்.

விளையாட்டைவிட்டு வெளியே வந்து சில வருடங்கள் கழித்துத்தான் இதன் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். 'ஃபோனுக்கு அடிமை' என்று பெரியவர்கள் சொல்வது எனக்குப் போதவில்லை. தொழிற்சாலையில் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வேலை செய்கிறவன் நான். ஒன்று ஓடுகிறது என்றால் எது எதைத் தள்ளுகிறது என்று பார்க்காமல் விட முடியாது. தேடிப் பார்த்ததில் இரண்டு தனித்தனிக் கோடுகள் தெரிந்தன. ஒன்று அவசரத்தின் வரலாறு. மற்றது காத்திருப்பின் வரலாறு.

அவசரம் சதுரங்கத்தில் பிறந்ததல்ல. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு படைகளை வைத்து ஆடியவர்களுக்குக் கடிகாரம் கிடையாது. 1851-இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியிலும் நேரக் கட்டுப்பாடு இல்லை. எலைஜா வில்லியம்ஸ் என்பவர் ஒரு நகர்த்தலுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி எதிராளிகள் புலம்பித் தள்ளினார்கள். 1861-இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகை வந்தது. 1883-இல் லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒருவர் ஆடி முடித்ததும் அவர் கடிகாரம் நிற்கும், எதிராளியுடையது ஓடும். யோசிப்பதற்கு விலை வைத்தது இந்தக் கருவிதான்.

இதற்கும் முன்பே பிரஷ்ய ராணுவத்தில் வேறொன்று நடந்திருந்தது. கியோர்க் ஃபொன் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, தன் அப்பா தொடங்கிவைத்த போர் விளையாட்டைத் திருத்தி 1824-இல் வெளியிட்டார். வரைபடம், சின்னச் சின்ன உலோகக் கட்டைகள், பகடை, தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர். ஒவ்வொரு சுற்றும் போர்க்களத்தின் 2 நிமிடத்துக்குச் சமம். தலைமைத் தளபதி மியூஃப்லிங் பார்த்துவிட்டு, படைப்பிரிவுகளுக்கு இதைப் பரிந்துரை செய்தார். இதை உருவாக்கியவர் 1827-இல் தற்கொலை செய்துகொண்டார். விளையாட்டு மட்டும் ராணுவங்கள் வழியாக உலகம் சுற்றியது. அந்த 2 நிமிடத்தை ஆடி முடிக்க நிஜத்தில் எவ்வளவோ நேரம் ஆகும், தீர்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ல மனிதன் வேண்டுமே.

அந்த மனிதனின் இடத்தில் கணினி உட்கார்ந்ததும்தான் களத்து நேரமும் கைநேரமும் ஒன்றாயின. வெஸ்ட்வுட் நிறுவனத்தின் 'டியூன் 2' 1992-இல் வந்தது. நீங்கள் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் எதிரி வந்துகொண்டிருப்பான். 1998-இல் 'ஸ்டார்கிராஃப்ட்' வந்த பிறகு கொரியாவில் இதைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு என்பது வீரரின் தகுதியானது. பிறகு 'வார்கிராஃப்ட் 3'-இல் ரசிகர்களே உருவாக்கிய வரைபடமாக, 2003-இல், டோட்டா.

டோட்டா என்றதும் எனக்குத் தாமானில் இருந்த சைபர் கஃபே ஞாபகம் வரும். சிகரெட் வாசனை, மெகி கோரேங், யாரோ ஒருத்தரின் செருப்பு. பள்ளிச் சீருடைச் சட்டையைப் பையில் திணித்துவிட்டு டி-சட்டையோடு உள்ளே போவோம். அங்கேயும் அடிமைத்தனம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மணிக்கு இரண்டு ரிங்கிட். காசு தீர்ந்ததும் திரை இருண்டுவிடும். கடைக்கு ஒரு கதவு இருந்தது, கதவுக்கு வெளியே யாராவது ஒருவரின் அம்மா நின்றுகொண்டிருப்பார்.

காத்திருப்பின் வரலாறு இதைவிடச் சின்னது. அலுவலகத்தில் உலாவியைத் திறந்து, முற்றுகைக்குப் படை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர மணிக்கணக்கில் காத்திருக்கும் 'டிராவியன்' மாதிரியான விளையாட்டுகள். 2009-இல் ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்'. ஸ்ட்ராபெரி 4 மணி நேரத்தில் விளையும், வராவிட்டால் வாடிவிடும். என் அத்தைகூட வாடவிடாமல் பார்த்துக்கொண்டார். ஹெல்சிங்கியில் 2010-இல் தொடங்கிய சூப்பர்செல், 2012-இல் 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' வெளியிட்டபோது இந்தக் காத்திருப்பைப் போருக்குள் கொண்டுவந்தது. கட்டடங்களை மேம்படுத்த நாள் கணக்கு. அவசரமென்றால் காசு கட்டலாம்.

2016-இல் அதே நிறுவனம் இரண்டு கோட்டையும் முடிச்சுப் போட்டது. மூன்று நிமிட ஆட்டம் உடம்பைச் சூடேற்றும், ஆனால் பெட்டி மூன்று மணி நேரம் கழித்துத்தான். சூடு தணியும் முன்பே அடுத்த ஆட்டம். வேகமான விளையாட்டு மட்டும் என்றால் களைத்துப்போய் வைத்துவிடுவோம். காத்திருப்பு மட்டும் என்றால் மறந்துபோவோம். இது கைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று ஆளைப் பங்குபோட்டுக்கொண்டது. பொறியாளனாகப் பார்த்தால் அழகான வேலை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் உண்டு, ஆனாலும் அழகுதான்.

இன்னொரு பாகம் பலருக்குத் தெரிவதில்லை. ஆர்பட் எலோ என்கிற இயற்பியல் பேராசிரியர் சதுரங்க வீரர்களுக்காக ஒரு மதிப்பெண் முறை செய்தார். அமெரிக்கச் சங்கம் 1960-இலும் உலகச் சங்கம் 1970-இலும் அதை ஏற்றுக்கொண்டன. யார் யாருக்குச் சமம் என்று எண்ணால் சொல்லும் முறை. இன்றைய விளையாட்டுகளில் கோப்பை எண்ணிக்கை என்ற பெயரில் இருப்பது அதன் வாரிசுதான். ஜெயித்தால் இன்னும் பலமான ஆள், தோற்றால் கொஞ்சம் பலவீனமான ஆள். எவ்வளவு தேறினாலும் நீங்கள் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு "இன்னும் ஒன்னே ஒன்னு, ஜெயிச்சுட்டுத் தூங்கிடறேன்" என்று சொல்கிறவனை அந்தக் கணக்கு எப்படியும் விடாது. தோற்ற பிறகு எதிராளியின் ராஜா சிரிக்கிற அந்தச் சத்தம் வேறு.

அப்போது பெட்டிகள் வந்த வரிசை 240 கொண்ட ஒரு நிலையான சுழற்சி என்று வீரர்கள் கோப்புகளைக் குடைந்து கண்டுபிடித்தார்கள். அதில் 180 வெள்ளி. அதாவது எனக்கு அடுத்து என்ன பெட்டி என்பது தெரியும். உள்ளே எந்த அட்டை என்பதுதான் தெரியாது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் எழுதிய புத்தகத்தில் புறாக்கள் இருக்கின்றன. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்தியது. நான் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். புறாவுக்காவது பசி இருந்தது.

வெளியான அதே வருடம் ஜூனில் டென்சென்ட் தலைமையிலான குழு சூப்பர்செல்லின் 84 விழுக்காட்டுப் பங்கை 8.6 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நான்கு பெட்டி இடங்களின் மதிப்பு அது. சீன அரசு 2021-இல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று உத்தரவு போட்டது. உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் இதெல்லாம் இரண்டு முகத்தோடு வந்தது. மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டி 2019-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. மேடை, விளக்கு, கைதட்டல். அதே வருடம் நான் இரண்டு பாடங்களில் ஃபெயில்.

இரண்டாம் முறை. முதல் முறை ரிப்பீட் எடுத்துச் சமாளித்தேன். இந்தத் தடவை ஒரு செமஸ்டர் நீண்டது. கடன் தொகை அதற்கு வராது, கட்டணம் நாமே கட்ட வேண்டும். தொழிற்பயிற்சி தள்ளிப்போய்விட்டது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் போனார். பணம் வந்து சேர்ந்த அன்று நான் விளையாட்டை அழித்தேன் என்று எழுத ஆசை. நிஜத்தில் இன்னும் ஐந்து வாரம் விளையாடினேன். பிறகு திரை உடைந்துபோனது, பழுதுபார்க்கக் காசு கேட்க முடியவில்லை. அப்படித்தான் நின்றது.

அப்பா இப்போதும் பாலம் தாண்டிப் போகிறார். அடுத்த வருடம் நிறுத்துவதாகச் சொல்கிறார், போன வருடமும் சொன்னார். நான் வேலையில் சேர்ந்ததும் உறவுக்காரர்களிடம், "பையன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிச்சவன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கல்யாண வீட்டில் பின்னால் நின்று கேட்டேன். அவர் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டார். கண்ணாடி போட்டாலும் ஃபோனில் எழுத்து சின்னது என்பார். அக்கா படிப்பாள். நான் எழுதுவது எதையும் அவள் விடுவதில்லை, படித்ததை அப்பாவிடம் சொல்லாமலும் இருக்கமாட்டாள்.