பலகையில் மட்டும் இருக்கும் ஊராட்சி ஒன்றியம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி வீட்டுக்கு வந்தார். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண்தான். இப்போது அவருடைய மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். "சார், வகுப்பறை ஓடு உடைஞ்சு ஒழுகுது. ஒரு டீச்சர் இடம் காலியா இருக்கு. சத்துணவு சமைக்கிற அம்மாவும் ஓய்வு பெற்றுட்டாங்க. யாருகிட்ட மனு கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"ஓட்டுக்கு ஒன்றிய அலுவலகம், டீச்சருக்கு வட்டாரக் கல்வி அலுவலகம், சமையலுக்கு சத்துணவுப் பிரிவும்மா" என்றேன்.

"ஒரே பள்ளிக்கூடத்துக்கு மூணு ஆபீஸா சார்? வாசல்ல ஊராட்சி ஒன்றியப் பள்ளின்னுதானே எழுதியிருக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு, ஆரம்பக் கல்வியை உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட வேண்டும் என்றது. 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி போர்டுகளுக்கான சட்டம் வந்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்தின. வரி கட்டுகிற ஊரே தன் பள்ளியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. வெள்ளைக்கார அரசுக்குச் செலவு குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தபோது, கல்விக்கென்று வரி போடவும் கட்டாயக் கல்வி கொண்டுவரவும் உள்ளாட்சிகளுக்கு வழி கிடைத்தது.

பக்கத்தில் இருக்கும் கைக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே 1920ஆம் ஆண்டே சாட்சி. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. இன்று நாடே பேசும் மதிய உணவுக்கு இங்கே முதல் அடுப்பை மூட்டியது ஓர் உள்ளாட்சி.

ஆனால் பக்கத்துக் கை அடிக்கவும் செய்யும். போர்டு பள்ளி ஊருக்குள் இருந்தது. ஊர் என்றால் சேரி சேராது. பல இடங்களில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை அந்தப் பள்ளிகளில் சேர்க்கவே விடவில்லை. அவர்களுக்காக அரசின் தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் திறக்க வேண்டி வந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 'ஊர் நிர்வாகம்' என்று கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்றும் கேட்க வேண்டும்.

என் அப்பா போர்டு ஸ்கூல் வாத்தியார். 1958ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1961க்குள் மாநிலம் முழுவதும் அமைத்து முடித்தார்கள். போர்டுகளின் தொடக்கப் பள்ளிகளும் அவற்றின் ஆசிரியர்களும் ஒன்றியத்தின் கீழ் வந்தார்கள். எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் பெயர் அப்போது வந்ததுதான்.

அந்தக் காலத்துக்கு இரண்டு முகம். காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு ஊர் ஊராக நடந்தது. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை, நிலம், கட்டடம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பாட்டி மண்பானையும் டம்ளரும் கொடுத்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு முகத்தையும் அதே அப்பாதான் பார்த்தார். ஒன்றியத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை என்பதற்காக அவரை முப்பது கிலோமீட்டர் தள்ளி மாற்றினார்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பது ஒன்றிய அலுவலகத்துக்கே வெளிச்சம். அம்மா மளிகைக் கடைக் கணக்கை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போவார்.

அதனால்தான் 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் என்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆணை வந்தபோது நாங்கள் இனிப்பு வழங்கினோம். நான் வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆணை சரியானது என்று இன்றும் சொல்வேன். ஆசிரியரின் சோறு ஓர் ஆளின் கோபத்தில் தொங்கக் கூடாது.

ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஆசிரியர் கல்வித் துறைக்குப் போனார். கட்டடம் ஒன்றியத்திடமே நின்றது. 1982இல் வந்த சத்துணவு இன்னொரு துறையின் கணக்கில் சேர்ந்தது. பள்ளி ஒன்று, பொறுப்பு மூன்று. ஊருக்கு மிஞ்சியது பலகையில் உள்ள பெயர்.

மேலேயும் இதே கதைதான். 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 1992இல் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குத் தரக்கூடிய 29 பொருள்களில் கல்வியையும் எழுதி வைத்தது. பட்டியலில் பெயர் வந்தது, கைக்கு அதிகாரம் வரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சிறு மானியம் தவிர அந்தக் குழுவிடம் பணம் கிடையாது. தீர்மானம் போடலாம், மனு கொடுக்கலாம். ஓடு மாற்ற முடியாது.

என் மீதான குற்றச்சாட்டையும் எழுதிவிடுகிறேன். அரசு ஊழியன் ஆன பிறகு, ஊருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன் என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது. ஓய்வு பெறும்வரை ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கும் நான் போனதில்லை. பெற்றோர் கேள்வி கேட்டால், "மேலே எழுதியிருக்கோம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். கட்டுப்பாடு மேலே போனபோது எனக்குப் பாதுகாப்பு வந்தது. அதோடு சேர்ந்து ஒரு சாக்கும் வந்தது.

பழைய சேர்மன் காலம் திரும்ப வேண்டாம். நியமனம், மாறுதல், சம்பளம் எல்லாம் அரசிடமே இருக்கட்டும். ஒழுகும் கூரை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் பணமும் உரிமையும், அங்கே பிள்ளையை அனுப்பும் தாய்மாரிடம் இருக்கட்டும். நூறு வருட அனுபவம் எனக்குச் சொல்வது இவ்வளவுதான்.

அன்று அந்தப் பெண்ணுக்கு மூன்று மனுக்களும் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று அலுவலகத்துக்கும் கூடவே போனேன். ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். ஓடு இன்னும் மாறவில்லை. அடுத்த கிராம சபையில் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் கூரை யார் பொறுப்பில் இருக்கிறது? விசாரித்துவிட்டு எழுதுங்கள்.