பஞ்சவர்ணக்கிளிக்கும் ஒரு படிவம்

தீப்பெட்டிக் கம்பெனியால் பெயர் பெற்ற விம்கோ நகரில், ஒரு வீட்டு வாசலில் கூண்டும் பச்சைக்கிளியும் தொங்குகின்றன. எதிர்வீட்டு மாடியில், பெரும் விலை கொடுத்து வாங்கிய பஞ்சவர்ணக்கிளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வனத்துறைக்காரர் தெருவுக்குள் வந்தால் யாருக்கு வயிற்றைக் கலக்கும்? சில வருடங்கள் முன்புவரை பச்சைக்கிளிக்காரருக்கு மட்டும்தான். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த பறவையை நம் வனச்சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கும் ஒரு படிவம் பிறக்க ஐம்பது வருடம் ஆனது.

வீட்டில் விலங்கு வளர்ப்பவருக்குக் கடமை உண்டு என்று முதலில் நாடு முழுக்கச் சொன்ன சட்டத்துக்கு நம்ம மெட்ராஸ்தான் தாய்வீடு. சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் போடும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் வெகுகாலம் சென்னையில்தான் இருந்தது.

அடுத்தது 1972-ன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். அது எழுதப்பட்டது நம் காட்டுக்காக, நம் புலிக்காக. 1990-91 வாக்கில் இந்தியக் காட்டுப் பறவைகளின் வியாபாரமும் நின்றுபோனது. கிளி, மைனா எல்லாம் அதில் அடக்கம். இது வெறும் ஏட்டுச் சட்டமும் இல்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் பெரிய பச்சைக்கிளிகள் இரண்டை வளர்த்த திரைப்பட நடிகர் ஒருவர் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார்.

சரி, வெளிநாட்டு விலங்கு? அதற்கு, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் வாஷிங்டனில் உருவான சைட்டிஸ் ஒப்பந்தம் இருந்தது. 1976-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை உள்நாட்டுச் சட்டத்துக்குள் யாரும் கொண்டுவரவில்லை. காவல் எல்லாம் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சுங்கத்துறையோடு சரி. அந்த வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்ட இக்வானாவைப் பற்றி வனத்துறை கேள்வி கேட்க வழியில்லை. வாசலில் நடந்ததோ கொஞ்சநஞ்சமல்ல. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை வந்த பயணியின் பையில் ஒரு சிறுத்தைக் குட்டி இருந்தது! அதை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள்.

2020 ஜூனில், கொரோனாவுக்கு நடுவே, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர் எதை வைத்திருந்தாலும் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தில் தாமாகச் சொல்லிவிட்டால், அதற்கு ஆவணம் கேட்கமாட்டோம் என்றது. கடத்தல் சரக்குக்கும் மன்னிப்பா என்று சிலர் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாத அரசுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பல்லாயிரம் பேர் பதிந்தார்கள்.

2022 டிசம்பரில் 1972-ன் சட்டமே திருத்தப்பட்டது. சைட்டிஸ் உயிர்களுக்கென நான்காவது அட்டவணையும், அவற்றை வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்ற 49-எம் பிரிவும் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் அமலானது. படிவத்துக்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. ஏற்கெனவே வளர்த்தவருக்கு அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு தந்தார்கள்; புதிதாக வாங்குபவருக்கு முப்பது நாள் கெடு. குஞ்சு பொரித்தாலும் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும், கைமாற்றினாலும் சொல்ல வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நம் வீடுகளில் வளரும் பட்ஜெரிகரும், காக்கட்டீலும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அவற்றுக்குப் படிவம் வேண்டாம்.

ஃபெரட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நீர்நாய்க்குத் தூரத்து உறவான, நீண்ட உடம்புக்காரப் பிராணி அது. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்கென்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே பழக்கப்படுத்தப்பட்டதால், அதைக் காட்டுயிர் என்று சொல்வதும் கடினம். ஆனாலும் கலிபோர்னியாவில் அதைச் செல்லமாக வளர்க்கவே முடியாது. தப்பித்துப் போனால் உள்ளூர்ப் பறவைகளைத் தின்று தீர்த்துவிடும் என்ற பயம் நியூசிலாந்துக்கும் உண்டு. 2002 முதல் அங்கே விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை.

விம்கோ நகரில் ஒருவர் ஃபெரட் வாங்கினால், 49-எம் அவரைத் தொடாது. மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் நாய்க்கும் பூனைக்கும்தான். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி உரிமமும் கால்நடைத் தொற்றுத்தடுப்பு நிலையத்தின் சான்றும் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அவற்றின் நகலையும், 2018 விதிகளின்படி கடை பதிவு செய்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்தபின் மிஞ்சுவது 1960-ன் சட்டம். சோறும் தண்ணீரும் போதிய இடமும் தராமல் வதைத்தால் அது பாயும்: முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாது, ஐம்பதைத் தாண்டாது.