நீரிழிவு உள்ளவரின் தைராய்டு பரிசோதனை முடிவு

நீரிழிவு உள்ளவருக்குத் தைராய்டு பரிசோதனை செய்யும்போது முதலில் பார்க்கப்படுவது டி.எஸ்.எச். அளவு. இது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்புவது. தைராய்டு சோம்பினால் டி.எஸ்.எச். ஏறும், அளவுக்கு மீறிச் சுரந்தால் இறங்கும். புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊரான மணமேல்குடியானாலும் சென்னையானாலும், ரிப்போர்ட்டில் 9 என்று கண்டதும் 'தைராய்டு கூடிப்போச்சு' என்பதே வழக்கம். உண்மையில் அங்கே குறைந்திருப்பதுதான் தைராய்டு.

பெரும்பாலான ஆய்வகங்கள் ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டி, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் அது தெளிவான குறைசுரப்பு, மாத்திரை தேவை. 4.5-க்கும் 10-க்கும் நடுவில் இருந்து ஃப்ரீ டி4 இயல்பாக இருப்பவர்களே அதிகம் குழம்புகிறார்கள். இவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. பலருக்கு அளவு தானாக இறங்கிவிடும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். சற்றுக் கூடுவதும் இயல்பு. 65 வயதைக் கடந்த இத்தகையோருக்கு மாத்திரை கொடுத்து ஐரோப்பாவில் நடத்திய 'டிரஸ்ட்' ஆய்வு, களைப்பு முதலிய தொல்லைகள் அதனால் குறையவில்லை என்று 2017-இல் சொன்னது. ஒரே ஒரு 6.2-ஐ வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்குவது அவசரம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு; மாதத்துக்கேற்ற அளவுகோல், உடனடி கவனம்.

முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றல் கணையத்தைத் தாக்குகிறது. அதே கோளாறு தைராய்டையும் தொடலாம். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த அழற்சி இவ்வகைதான். அதனால் முதல் வகை உறுதியானதுமே தைராய்டையும் அதைத் தாக்கும் எதிர்ப்பொருள்களையும் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். இரண்டாம் வகைக்காரர்களுக்கு வேறொரு காரணம் போதும்: குறைசுரப்பு இந்தியாவில் சாதாரணம். சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் செய்து 2013-இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்கு அது இருந்தது.

தைராய்டின் கோளாறு சில வேளை சர்க்கரைக் கணக்கில்தான் முதலில் தெரியும். குறைசுரப்பில் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும், கல்லீரல் சர்க்கரை விடுவதும் குறையும். பல வருடமாக ஒரே டோஸ் ஊசி, அதே சாப்பாடு, ஆனால் புதிதாக விடியற்காலையில் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று லோ சுகர் அறிகுறிகள் வந்தால் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். மிகைசுரப்பில் நேர்மாறு: மருந்து கூட்டக் கூட்டச் சர்க்கரை கட்டுக்குள் வராது, எடையும் இறங்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ1சி-யும் இங்கே ஏமாற்றும். குறைசுரப்பில் சிவப்பணுக்கள் கூடுதல் நாள் வாழ்வதால் அது உள்ளதைவிட உயர்ந்து தெரியலாம். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் லோ சுகர்தான் மிஞ்சும். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பிடிபடும்.

மாத்திரைகளும் முடிவைத் திரிக்கும். கால் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் எழுதித் தரும் 'நரம்பு மாத்திரை' சிலவற்றில் பயோட்டின் இருக்கிறது. அதன் அளவு அதிகமானால், சிலவகைக் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் வரும்; இல்லாத மிகைசுரப்பு காகிதத்தில் முளைத்துவிடும். மாத்திரை அட்டையைப் படித்து, மருத்துவரிடம் சொல்லி, இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. மெட்ஃபார்மினும் குறைசுரப்பு உள்ளவர்களுக்கு டி.எஸ்.எச்.-ஐ ஓரளவு இறக்கக்கூடும். சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த தைராய்டு முடிவை, உடல் தேறிய பிறகு மறுபடி எடுத்துத்தான் நம்பலாம்.

மீன் தின்னும் கடற்கரைக்காரர்களுக்குத் தைராய்டு வராது என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. ஆனால் கடல்நீரிலிருந்து காய்ச்சிய கல்லுப்பில் தைராய்டுக்குத் தேவையான அயோடின் மிகச் சொற்பம். 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பு பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு, சுமார் 62 விழுக்காடு. அதோடு, எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் குறைசுரப்பை மீனும் தடுக்காது, உப்பும் தடுக்காது.

குறைசுரப்புக்குத் தரும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். ரமலான் நோன்பு மாதத்தில், விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு அரை மணி முன்போ, இரவு உணவு செரித்தபின் படுக்கும்போதோ போடலாம். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். சொல்வதில் அர்த்தம் உண்டு. பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரை. தைராய்டு சீரானதும் இன்சுலின் தேவை கூடலாம் என்பதால் அந்த வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.