அபிப்ராயமும் இரண்டு சுரங்கங்களும்

சி. சு. செல்லப்பாவின் பெயரில் முதலில் நிற்கும் 'சி' சின்னமனூர். வத்தலகுண்டுக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டதில், கம்பம் பள்ளத்தாக்குக்கு அவரிடம் உள்ள பாத்யதை மறந்துபோயிற்று. 1959இல் 'எழுத்து' தொடங்கி அவர் விடாமல் வற்புறுத்தியது ஒன்றுதான்: அலசிக் காட்டாத அபிப்ராயம் விமர்சனம் ஆகாது. க. நா. சு. இதற்கு மசிகிறவர் இல்லை. தேர்ந்த ரசனையின் தீர்ப்பே போதும் என்பது அவர் போக்கு. இந்தப் பழைய சண்டையில் நான் வெகுகாலம் க. நா. சு. கட்சியாகவே இருந்தேன். கட்சி மாறியதற்கு இலக்கியம் காரணமில்லை, பொட்டிப்புரம் காரணம்.

2015 ஜனவரியில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டம். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு மேலே, ஊர்க்காரர்கள் அம்பரப்பர் என்று கும்பிடுகிற மலையைக் குடைந்து உள்ளே கட்டுவதாக ஏற்பாடு. செய்தி வந்த வாரம் தேவாரம் பக்கத்து விவசாயி ஒருவர் நகைக்கடனைப் புதுப்பிக்க வந்தவர், என் கவுண்டர் முன் நின்று கேட்டார்: "ஏன் சார், இந்த நியூட்ரினோ வந்தா தென்னம்பிள்ளையெல்லாம் பட்டுப்போகும்ங்கறாங்களே, நெசமா?" நான் ரசீதிலிருந்து தலை எடுக்காமல், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன். அன்று காலை படித்த அரைப்பத்திச் செய்திக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதிய உக்ரமான எதிர்ப்பைப் படித்துவிட்டு அதையே என் பக்கத்திலும் பகிர்ந்தேன். அப்போதும் தெரியாது. இரண்டும் என் அபிப்ராயங்கள். இரண்டுக்கும் இடையில் நான் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.

இது என் தனிப்பட்ட சபலம் மட்டுமல்ல என்பதற்கு நான்கு வருஷம் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் முல்லைப் பெரியாறு அணை உடையப்போகிறது என்ற பீதி கேரளத்தில் பரவியது. 'டேம் 999' என்ற படம் அதற்கு எண்ணெய் ஊற்றியது; தமிழ்நாட்டு அரசு படத்தைத் தடை செய்தது. ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் ஜனங்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். கம்பத்திலிருந்து குமுளிச் சாலையில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போயிற்று. போனவர்களில் நானும் ஒருவன். அப்போது நாங்கள் சொன்னது என்ன? பீதிக்கு ஆதாரம் வேண்டும். பொறியாளர்களும் நிபுணர்களும் அளந்து சொல்லட்டும். சினிமா பார்த்துவிட்டு அணையைப் பற்றிப் பேசாதே. நீதிபதி ஆனந்த் குழு 2012 ஏப்ரலில் அணை பலமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. விஞ்ஞானம் ஜெயித்தது என்று கம்பத்தில் பட்டாசு வெடித்தோம்.

அதே பள்ளத்தாக்கு, பெரும்பாலும் அதே ஆட்கள், ஒரு வருஷத்துக்குள் விஞ்ஞானிகள் விலைபோனவர்கள் என்றும், அளவும் அறிக்கையும் டில்லிக்காரர்களின் பித்தலாட்டம் என்றும் பேச ஆரம்பித்தோம். சினிமாவும் தவறாமல் வந்து சேர்ந்தது. 2009இல் வெளியான '2012' என்ற ஹாலிவுட் படத்தில் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் பூமியின் நடுவைக் கொதிக்க வைத்துவிடுகின்றன. அதன் தொடக்கக் காட்சியே ஓர் இந்தியச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. அந்தத் துண்டு வாட்ஸப்பில் எனக்கே நாலைந்து பேரிடமிருந்து வந்தது. கேரளத்தானின் பயம் பேதைமை, நம் பயம் விழிப்புணர்வு.

விஷயத்துக்கு வருகிறேன். நியூட்ரினோ எங்கிருந்தும் கொண்டுவரப்படுகிற சரக்கு அல்ல. சூரியனிலிருந்து மட்டும் ஒரு கட்டைவிரல் நகத்தின் பரப்பில் வினாடிக்கு 6500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து வெளியேறுகின்றன. பாலி 1930இல் இப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று ஊகித்தார். பிடித்துக் காட்ட 1956 ஆயிற்று. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை 1965இல் முதலில் கண்டவர்களில் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வேலை செய்தவர்களும் உண்டு. அந்தச் சுரங்கம் மூடப்பட்டபின் இந்தியாவுக்கு வேறு பாறைப் போர்வை தேவைப்பட்டது. நீலகிரியில் சிங்காராவைக் கேட்டார்கள். முதுமலைப் புலிகளின் பக்கம் என்று 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகுதான் நம் மலை. 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கி, காந்தமாக்கி, தகடுகளுக்கிடையே உணர்கருவிகள் வைத்து, எப்போதாவது இரும்பில் மோதுகிற ஒரு நியூட்ரினோவின் தடயத்தைப் பார்ப்பது திட்டம். மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை வேண்டும், மற்ற துகள்களை வடிகட்ட. அந்த யந்திரம் நியூட்ரினோவை உண்டாக்காது. தென்னை பட்டுப்போகாது.

ஆகவே எதிர்த்தவர்கள் முட்டாள்கள் என்று முடிக்கிற கட்டுரைகளும் நிறைய வந்தன, ஆங்கிலத்தில் கொஞ்சம் அதிகமாகவே. அவையும் அபிப்ராயம்தான், நல்ல காகிதத்தில் அச்சானவை. வதந்தி என்று ஒதுக்கியவற்றில் பலவற்றுக்கு ஒரு விதை இருந்தது. நியூட்ரினோவை ஆயுதமாக்குவார்கள் என்ற துண்டுப்பிரசுரத்தின் பின்னால் 2003இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எழுதிய ஒரு மெய்யான கட்டுரை இருக்கிறது, அணுகுண்டுகளை நியூட்ரினோக் கற்றையால் செயலிழக்கச் செய்வது பற்றி. அதற்கு உலகில் எங்குமே இல்லாத, ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி வேண்டும் என்பதைத் துண்டுப்பிரசுரம் விட்டுவிட்டது. அணுக்கழிவுக் கிடங்கு என்ற பேச்சுக்குக் காரணம், திட்டத்தின் பின்னால் அணுசக்தித் துறை இருந்ததும், கூடங்குளம் நடந்து முடிந்த சூடும்.

இதைவிட முக்கியமானது, வழக்கு கதிர்வீச்சில் நிற்கவே இல்லை. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது 'பூவுலகின் நண்பர்கள்' தொடுத்த வழக்கில். காரணங்கள் சாதாரணமானவை: கேரள எல்லையில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த சாலிம் அலி மையத்துக்கு அந்த வேலைக்கான அங்கீகாரம் இல்லை. வரைபடத்தை விரித்து, விண்ணப்பத்தின் வகையைப் பார்த்து, அறிக்கையின் முதல் பக்கத்தில் கையெழுத்து யாருடையது என்று யாரோ பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். செல்லப்பா இதைத்தான் அலசல் என்றிருப்பார் என்று எனக்குப் படுகிறது. 2018இல் புதிதாக அனுமதி வந்தது; 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு, புலிகளின் வழித்தடம், மேற்குத்தொடர்ச்சி மலை என்று சொல்லி உச்சநீதிமன்றத்தில் மறுத்துவிட்டது. சுரங்கம் குடையப்படவில்லை.

ஆனால் 2018 மார்ச் கடைசியில், நியூட்ரினோவை எதிர்த்து வைகோ மதுரையிலிருந்து நடைபயணம் புறப்பட்ட இடத்தில், ஒரு தொண்டர் தீக்குளித்தார். பிழைக்கவில்லை. அவர் என்ன படித்திருந்தார், யார் எதைச் சொல்லியிருந்தார்கள் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. நான் பகிர்ந்தது அவர் கண்ணில் பட்டிருக்க வழியில்லை. இருந்தாலும் அன்று இரவு அந்தப் பதிவைத் தேடி அழித்தேன். கோழைத்தனம்தான்.

இன்னொரு சுரங்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பென்னிகுயிக் கட்டிய அணையின் தண்ணீர் தானாக நம் பக்கம் வரவில்லை. மலைமுதுகைக் குடைந்து, சுமார் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், வெடிவைத்துப் பாறையைப் பிளந்து, 1895இல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் திருப்பிவிட்டார்கள். பொட்டிப்புரத்துச் சுரங்கத்தின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. அந்த வெடியை நாம் படம் போட்டுக் கும்பிடுகிறோம். தண்ணீர் வந்தது, அதனால். இரும்பும் காந்தமும் தேவாரத்துக்குத் தரப்போவது என்ன என்று விஞ்ஞானிகள் ஒரு தடவையாவது விவசாயியின் கணக்கில் சொன்னார்களா? பிரபஞ்சம் பற்றிய அறிவு என்றார்கள். பாறைத்தூள் எங்கே போகும், லாரி எந்தத் தெரு வழியாக என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நம் எழுத்தாள நண்பர்கள் இதில் எழுதியவை எல்லாம் ஒன்று தொன்ம மலை பற்றிய புலம்பல், அல்லது மூடநம்பிக்கை பற்றிய நக்கல். கவிதைக்கு அம்பரப்பர் கிடைத்தார். மதிகெட்டான் 5 கிலோமீட்டருக்குள் என்பது கவிதைக்கு ஆகாது போலும்.

போன வருஷம் அதே தேவாரத்துக்காரர் வந்தார், தலை முழுக்க நரைத்து. நானாகவே பேச்சை எடுத்து, சீனாவில் ஜூனோ என்று ஒரு ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது, இங்கே தேட நினைத்த விடையைத்தான் அதுவும் தேடுகிறது என்று சொன்னேன். தென்னை விஷயத்தில் அன்று சொன்னது சரிதான், ஆனால் தெரிந்து சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடினார்.

"அது கெடக்கட்டும் சார். இன்னிக்கு அணை எத்தனை அடி?"

"தெரியலையேண்ணே" என்றேன்.