எடைக்குப் போன காகிதம்

பழைய காமிக்ஸ் புத்தகங்கள் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன என்று சொன்னால் நம்மவர்கள் லேசாகச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். ஜனரஞ்சகக் குப்பைக்குச் சில கிறுக்கர்கள் கொடுக்கும் காசு. இதில் விமர்சகனுக்கு என்ன வேலை? இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அச்சடித்த காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது நம் பிரச்னையும்தான்.

பம்பாயில் டைம்ஸ் நிறுவனம் 1964ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் வந்துகொண்டிருந்தது. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ். ஆசிரியர் முல்லை தங்கராசன், முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆசாமி, 1962ல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் பிறந்தவன். வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். (மாயாவியைத் தெரிந்த தமிழர்களில் இந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?) 1984ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. ராணி அப்போது ஒன்றரை ரூபாய். 2005 வரை வந்தது.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, இன்றுவரை. அரியலூருக்கு உண்டு. வேலை நிமித்தம் தினமும் பஸ்ஸில் அரியலூர் போய்வந்த என் மாமா அங்கே வாங்கிய முத்து காமிக்ஸ்களைப் பெரம்பலூர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தப் பெட்டியில்தான். 2004ல் மாமா இறந்தபின் வீட்டை ஒழித்தார்கள். பெட்டியிலிருந்ததைக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனவன் நான். கடைக்காரர் அட்டைகளைச் சரக் சரக்கென்று கிழித்துத் தனியே போட்டார். அட்டைக்கு வேறு விலையாம். வந்த காசில் பரோட்டா சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

இன்றைய விலைக்கு அஸ்திவாரம் இதுதான். அமெரிக்காவில் 1938ல் 10 சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டியபோது அந்த நாட்டுப் பிள்ளைகளும் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ப் போட்டவர்கள்தான். இங்கே கரையானும் மழையும் எடைக்கடையும். போதாததற்கு 1985ல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது. எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் யாரிடமும் விலை இருந்திருக்காது.

ஆனால் அருமை மட்டும் காரணம் என்றால் விஷயம் முடிந்துவிடும். முடியவில்லை. 2012க்குப் பிறகு மாயாவி கதைகள் நல்ல தாளில் மறுபதிப்பாக வந்தன. கதைதான் வேண்டும் என்றால் பழைய இதழின் விலை விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அரியலூரில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். மறுபதிப்பைப் படிக்கிறார், பழையதைப் பாலிதீன் உறையிலிருந்து எடுப்பதே இல்லை. பால்ய நினைவு என்று எல்லோரும் சொல்லும் காரணத்தைத்தான் அவரும் சொன்னார். அவர் பிறந்தது 1990ல். ஏலத்தில் எடுத்த இதழ் எழுபதுகளில் வந்தது. யாருடைய பால்யம்?

இன்னொருவன் கேட்பான் என்ற நிச்சயத்துக்குத்தான் அவர் விலை கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 2000 முதல் இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள்: இதழைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து ஒட்டிவிடுவது. பிரித்துப் படித்தால் மார்க் போயிற்று.

கவுண்டரில் எனக்கு இதன் தலைகீழ் தினமும் நடக்கிறது. 50 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நோட்டு கிழிந்து வந்தால், மிஞ்சிய பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40க்கு மேல் பாதி. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. அச்சிட்ட எண்ணுக்குத்தான் மதிப்பு, காகிதத்துக்கு இல்லை. நகைக் கடனிலோ எடைதான் பேசும். செய்கூலியைக் கணக்கில் எடுப்பதில்லை. காமிக்ஸ் சேகரிப்பவனோ அட்டை, முதுகு, பின் துரு எல்லாவற்றுக்கும் காசு வைக்கிறான், வரைந்தவனுக்கும் எழுதியவனுக்கும் தவிர.

போன மாதம் நண்பர் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். காமிக்ஸ் லாட்டோடு வந்ததாம். எழுபதுகளின் சிறுபத்திரிகைகள், நம் சமாச்சாரம். "சார், இதற்கு என்ன போடலாம்?" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் மேலேயிருந்த இதழை எடுத்து, அட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பின்னட்டை இல்லை. நடுவில் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்நூறு சொல்லிப் பாருங்கள் என்றேன்.